மன்றத்துக்கு வரும் ஆட்டிசம் பையனும் டவுன் சிண்ட்ரோம் பாப்பாவும்: எப்படிச் சேர்த்துக்கொள்வது?

எழுதியவர்: வாய்க்கால்கரை

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நாலு பேர் சேர்ந்து இளைஞர் மன்றம் நடத்துகிறோம், ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை பிள்ளைகளுக்கு விளையாட்டு, சிலம்பம், கேரம், கொஞ்சம் புத்தகம் என்று ஓடுகிறது. 7 வயதிலிருந்து 15 வயது வரை ஒரு 30 பிள்ளைகள் வருவார்கள். சம்பளத்துக்கு ஆள் யாரும் கிடையாது. நான் வார நாளில் எலக்ட்ரிக்கல் கடையில் நிற்பவன், சிலம்பத்துக்கு மட்டும் வயதான ஆசான் ஒருவர் வருகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் 9 வயதில் ஒரு பாப்பா, டவுன் சிண்ட்ரோம். அண்ணன்காரனோடு ரொம்ப நாளாகவே வருகிறாள். எல்லா ஆட்டத்திலும் அவள் ஒப்புக்குச் சப்பாணிதான், ஓடுவாள், கை தட்டுவாள், யாரும் அவளை அவுட் ஆக்க மாட்டார்கள். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. போன மாதம் இன்னொரு அம்மா வந்து, 11 வயதுப் பையன், ஆட்டிசம், அதிகம் பேச மாட்டான், வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான், சேர்த்துக்கொள்வீர்களா தம்பி என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் வினை.

முதல் நாளே நான் விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஒரே ஓட்டம், நேராக வாய்க்கால் பக்கம். பெரிய பையன் ஒருவன் பின்னாலேயே ஓடிப் பிடித்துவிட்டான். பதற்றத்தில் நான் சத்தம் போட, அவன் மண்ணில் படுத்து உருண்டு கத்த, 30 பிள்ளைகளும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே ஒரு அப்பா வந்து, "அவங்களுக்குன்னு தனியா பள்ளிக்கூடம் இருக்குல்ல, இங்க எதுக்கு?" என்றார். எங்கள் மன்றத்துக்குள்ளேயே ஒருவர், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்கிறார். அது நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை.

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேருக்கும் தனியாக ஒரு ஓட்டம் வைத்துப் பரிசு கொடுத்துவிடலாமா? இல்லை வேறு வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் திங்கட்கிழமை கடைக்குப் போகிற ஆள் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

————

பதில்: தேன்மிட்டாய்

தம்பி, என் பையனுக்கு இப்போது 14 வயது, ஆட்டிசம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது மண்ணில் உருண்டது என் பையன் மாதிரியே இருந்தது. முதலில் ஒன்று, அது அடம் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும். இது அப்படி இல்லை, சத்தமோ வெளிச்சமோ கூட்டமோ தாங்க முடியாமல் உடம்பே கையை விட்டுப் போய்விடுவது. அந்த நேரத்தில் பேசிப் புரிய வைக்க முடியாது. சுற்றி நிற்கும் பிள்ளைகளை வேறு பக்கம் அனுப்புங்கள், ஒரே ஒரு ஆள் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள், தொடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். தானாக அடங்கும். அடங்கின பிறகு கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம்.

வாய்க்கால் விஷயம்தான் எனக்குப் பெரிய பயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்குச் சட்டென்று கிளம்பி ஓடுகிற பழக்கம் உண்டு, தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு, அதனாலேயே மூழ்கிப் போகிற ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். அவன் வந்தால் வாய்க்கால் பக்கம் ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் ஸ்கோர் எழுதக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, அது மட்டும்தான் வேலை. அதற்கு ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் "இன்று வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிடுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். என்னிடம் யாராவது அப்படி நேராகச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

விசிலைத் தூக்கிப் போடுங்கள். ஒரு பச்சைத் துணியை உயர்த்தினால் ஆட்டம் ஆரம்பம், சிவப்புத் துணி என்றால் நிற்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வாரத்தில் பழகிவிடும், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அப்புறம் சனிக்கிழமை சாயந்திரம் யாரும் இல்லாத நேரத்தில் அவனை வரச்சொல்லி மைதானத்தைச் சுற்றிக் காட்டுங்கள். எங்கே செருப்பு விடுவது, எங்கே தண்ணீர்ப் பானை, சத்தம் அதிகமானால் எங்கே போய் உட்காரலாம், எல்லாம். மரத்தடியில் ஒரு பாய் போட்டு அது அவன் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் 20 நிமிடம் போதும். மூன்று மணி நேரமும் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நன்றாக இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த வாரம் அவனே செருப்பை எடுத்துக்கொண்டு நிற்பான்.

என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் இவர்களுக்குப் பாதி பயம் போய்விடும். மைதானம், ஆசான், கேரம் போர்டு, தண்ணீர் குடிக்கிற இடம், அம்மா என்று ஐந்து போட்டோ போனில் எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வரிசையாக ஒட்டி அவனிடம் கொடுங்கள். ஒன்று முடிந்ததும் அதை மடக்கிவிட வேண்டும். என் பையன் டேப்லெட்டில் ஆவாஸ் செயலி வைத்துப் பேசுவான், சென்னையில் உருவானது, தமிழிலும் உண்டு, படத்தைத் தொட்டால் அது பேசும். அந்தப் பையன் எதைப் பயன்படுத்துகிறான் என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும்போது "என்ன பிரச்சினை" என்று ஆரம்பிக்காமல், எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், பாத்ரூம் வந்தால் எப்படிக் காட்டுவான், கத்துவதற்கு முன்னால் என்ன செய்வான் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எல்லா அம்மாக்களிடமும் இருக்கும். என் பையன் சட்டைக் காலரைக் கடிக்க ஆரம்பிப்பான், அப்போதே கூட்டிக்கொண்டு போய்விட்டால் ஒன்றும் இல்லை.

தனி ஓட்டம் தயவுசெய்து வேண்டாம். இரண்டு பிள்ளைகளை ஓட விட்டு, இரண்டு பேருக்கும் முதல் பரிசு, மேடையில் யாரோ பெரிய மனிதர் தலையைத் தடவ, மைக்கில் "தெய்வக் குழந்தைகள்" என்று ஒரு குரல், பேப்பரில் போட்டோ. அந்த மேடையில் நான் நின்றிருக்கிறேன் தம்பி. வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பையை அலமாரியின் பின்னால் வைத்துவிட்டேன்.

————

பதில்: சாக்பீஸ் டப்பா

நான் சிறப்பாசிரியர், வட்டார வள மையம் (பள்ளிக் கல்வித் துறையின் கீழ் ஒன்றியம்தோறும் இருப்பது) ஒன்றில் 12 வருடமாக வேலை. தேன்மிட்டாய் அக்கா ஆட்டிசம் பற்றிச் சொன்னதில் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பாப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் உச்சியில் இருக்கும் முதல் இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் தசைநார் தளர்வாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கழுத்து வேகமாக மடங்கினால் தண்டுவடம் அடிபடலாம். அதனால் பச்சைக்குதிரை, குட்டிக்கரணம், தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பது, கபடியில் மேலே விழுந்து அமுக்குவது இதெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது. பிறக்கும்போதே இதயத்தில் குறை இருப்பவர்களும் இவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். பெரும்பாலும் சின்ன வயதிலேயே பார்த்துச் சரி செய்திருப்பார்கள், இருந்தாலும் ஓட்டப் பந்தயத்துக்கு முன் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னதும் பயந்துபோய்ப் பாப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்துவிடாதீர்கள். ஓடலாம், பந்து எறியலாம், ஆடலாம், கயிறு இழுக்கலாம். கழுத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேரில் யாருக்காவது வலிப்பு உண்டா என்றும் கேளுங்கள். ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. நம் ஊரில் உடனே சாவிக்கொத்தைத் தேடுவார்கள். இரும்பைக் கையில் கொடுப்பதால் ஒரு பயனும் கிடையாது, திணிக்கும்போது விரலில் காயம்தான் ஆகும். வாயில் எதையும் வைக்காதீர்கள். பக்கத்தில் கல், கட்டை இருந்தால் நகர்த்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் 108. தண்ணீர்கூட முழுசாகத் தெளிந்த பிறகுதான்.

அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டால், சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, ஆட்டிசம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தபோது அது 21 ஆனது, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. படிப்பு, வேலை மட்டும் இல்லை, பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் அந்தச் சட்டத்தில் தனித்தனிப் பிரிவே இருக்கிறது. அந்தக் கடமை அரசின் தலையில்தான், உங்கள் மன்றத்தின் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் விளையாட்டு என்பது யாரோ இரக்கப்பட்டுத் தருவது இல்லை என்று எழுத்தில் இருக்கிறது, அது போதும்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் வட்டார வள மையத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். எங்கள் மாதிரி சிறப்பாசிரியர்கள், இயன்முறை மருத்துவர்கள் அங்கே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் முகம் சுளிப்போம், ஆனால் எல்லோரும் இல்லை. உங்களுக்குத் தென்காசி தூரம் இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981இலிருந்து இயங்குகிறது, ஒரு நாள் போய் அங்கே பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று நின்று பார்த்தாலே பாதி கற்றுக்கொள்ளலாம்.

————

பதில்: பழைய கேப்டன்

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

நாங்களும் ஒரு கிரிக்கெட் கோச்சிங்கில் இப்படி ஆர்வத்தில் மூன்று பிள்ளைகளைச் சேர்த்தோம். வாட்ஸ்ஆப்பில் பெருமையாக ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டோம். மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டது, பெற்றோர் வந்து நின்றார்கள், எங்களில் இரண்டு பேர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள், மெல்ல மெல்ல அந்த மூன்று வீட்டுக்கும் போன் செய்வதை நிறுத்திவிட்டோம். வராதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் கேவலம். சேர்க்காமலே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சேர்த்துவிட்டுக் கைவிட்டோம்.

அதனால் உங்களால் முடிந்ததை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். நாலு பேரில் எத்தனை பேர் அடுத்த வருடம் ஊரில் இருப்பீர்கள்? பையனோடு பழகுகிற ஆள் ஒருவர் மட்டும் என்று வைக்காதீர்கள், இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் போனாலும் மற்றவர் இருக்க வேண்டும். இன்னொன்று, எந்தப் பெரிய ஆளும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒதுங்கக் கூடாது, பாத்ரூம் உதவி என்றால் வீட்டு ஆள்தான் வர வேண்டும். பேச முடியாத பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அது வந்து சொல்லாது. ஆசானுக்கும் இதே விதிதான், உங்களுக்கும் இதே விதிதான். எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் ஆள் கேட்ட "யார் பதில் சொல்வது"க்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: யாருக்கு என்ன வேலை என்று முன்பே எழுதி வைத்திருந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

————

பதில்: ஒன்பிட்ச்

எனக்கு 36 வயது, பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு காலும் சரியாக வராது, பேச்சு கொஞ்சம் இழுக்கும். இந்தத் திரியில் "ஒப்புக்குச் சப்பாணி" என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாமல் போக முடியவில்லை.

ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிற வார்த்தை. ஆட்டத்தில் இருக்கிற மாதிரி இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். குட்டிப் பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடுதான், நாலு வயதுத் தம்பி அழுகிறான் என்றால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம், ஒரு வருடத்தில் அவன் நிஜ ஆட்டக்காரன் ஆகிவிடுவான். நான் நிஜமாகவே சப்பாணி என்பதால் அந்தப் பதவி எனக்கு நிரந்தரம் ஆகிவிட்டது. 10 வயது வரைக்கும் என் வேலை, ஆடப் போகிறவர்களின் சட்டையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கொஞ்சம் வளர்ந்ததும் அம்பயர் ஆக்கினார்கள். அம்பயர் பதவி கொடுத்துவிட்டால் மனசாட்சி குறுகுறுக்காது பாருங்கள்.

அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் லீவுக்கு வந்தார். இவன் ஏன் ஆடவில்லை என்று கேட்டார், யாருக்கும் பதில் தெரியவில்லை. அவரே விதி போட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பேட் பிடிப்பேன், ஓட ரன்னர் உண்டு, எனக்குப் போடுகிற பந்து கைக்குக் கீழே உருட்டிவிடாமல் ஒரு முறை குத்தி வர வேண்டும். ஒன்பிட்ச் கேட்ச், அதாவது அடித்த பந்து ஒரு முறை தரையில் குத்தி எழும்பும்போது பிடித்தால் அவுட், அது எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். (சர்வதேச ஆட்டத்திலேயே 2011 வரை ரன்னர் வைத்துக்கொள்ளலாம், நாங்கள் ஆடியது அதற்கு ரொம்ப முன்னால்.) இரண்டாவது பந்திலேயே போல்டு. ஃபீல்டர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், "பரவால்லடா, அது ட்ரை பால்" என்று ஒருத்தன் சொன்னான். அந்த அண்ணன் "அவுட்னா அவுட்டு, இறங்குல" என்றார். எனக்கு வந்த ஆத்திரம்! வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒரு விக்கெட் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க அந்தப் பந்தை எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வாய்க்கால்கரை தம்பி, அந்தப் பாப்பாவை அவுட் ஆக்குங்கள். அவளுக்கு ஓட வேண்டிய தூரத்தைக் குறையுங்கள், பந்தைப் பெரிதாக்குங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லிச் செய்து காட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனால் மாற்றின பிறகு அவுட் என்றால் அவுட். ஒருவர் கேட்டிருந்தார், இப்படி விதியை மாற்றினால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சப்பென்று ஆகிவிடாதா என்று... மன்னிக்கவும், இந்தத் திரியில் இல்லை, வேறு இடத்தில் கேட்டார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தெருக் கிரிக்கெட்டில் விதியை மாற்றாமல் ஆடின நாள் எது? அந்த வீட்டுக்குள் போனால் அவுட், சாக்கடையில் விழுந்தால் டூ டிக்ளேர். ஒரு ஜன்னலுக்காக விதியை மாற்றலாம், ஒரு பிள்ளைக்காக மாற்றக் கூடாதா?

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968இல் சிகாகோவில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான தனிப் போட்டியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அவர்களே, குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுகிற யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ் என்று கொண்டுவந்தார்கள், இந்தியாவிலும் நடக்கிறது. உங்கள் பொங்கல் போட்டிக்கு அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

————

பதில்: அக்காவின் தம்பி

பெரியவர்கள் நடுவில் ஒரு சின்ன விஷயம். நான் காலேஜ் முதல் வருடம். என் அக்காவுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. எங்கே போனாலும் "உங்க அக்காவப் பாத்துக்கடா" என்பார்கள், நான் ஒரு கேரம் கேம் முழுசாக ஆடினது இல்லை. அந்தப் பாப்பாவின் அண்ணனை அந்த மூன்று மணி நேரமாவது சும்மா விடுங்கள் ப்ளீஸ். அவனும் மன்றத்துக்கு வருகிற பிள்ளைதான்.

————

எழுதியவர்: வாய்க்கால்கரை

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது, அதனால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

அக்காவின் தம்பிக்கு முதலில். அந்த அண்ணன்காரனை ஒரு நாளும் கவனிக்கவில்லை, நீங்கள் எழுதின பிறகுதான் பார்த்தேன். இப்போது பாப்பாவோடு பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் முறை போட்டு இருக்கிறார்கள். அவன் முதல் நாள் என்ன செய்வது என்று தெரியாமல் பாப்பா பின்னாலேயே சுற்றினான், போன வாரம் கேரம் போர்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

விசில் போய்விட்டது, துணிதான். பையன் 20 நிமிடத்தில் ஆரம்பித்து இப்போது 40 நிமிடம் இருக்கிறான். ஒரு வாரம் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு பாய்க்குப் போய்விட்டான், நாங்கள் யாரும் போகவில்லை, கால் மணி நேரத்தில் தானாக வந்தான். வாய்க்கால் பக்கம் நிற்க அந்தக் கேள்வி கேட்ட மன்றத்துக்காரரையே போட்டுவிட்டோம், அவர்தான் ரொம்பக் கவனமாக நிற்கிறார். ஓட்டம் பந்து எதிலும் பையனுக்கு நாட்டம் இல்லை, ஆனால் ஆசான் காலடி சொல்லிக்கொடுக்கும்போது பின்னால் நின்று அப்படியே வைக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று, திரும்பு, மறுபடி ஒன்று. மற்றப் பிள்ளைகள் பத்து முறையில் சலித்துவிடுவார்கள், இவன் ஆசானே போதும் என்கிற வரைக்கும் நிறுத்த மாட்டான். தேன்மிட்டாய் அக்கா, கத்துவதற்கு முன்னால் உள்ளங்கையை உரசுகிறான், அந்த அம்மா சொன்னார்.

பொங்கலுக்குத் தனி ஓட்டம் இல்லை. எலுமிச்சம்பழ ஓட்டத்தையும் கயிறு இழுப்பதையும் ஜோடி, அணி என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம், யார் யாரோடு என்பது குலுக்கலில் வந்ததுதான். இசை நாற்காலிக்கு ஸ்பீக்கர் வைக்காமல் கொட்டு அடிக்கலாமா என்று யோசித்தோம், அதுவும் சத்தம்தான், அதனால் அதிலும் துணியே. உறியடி இருக்கிறது, அந்த நேரம் பையன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று அம்மாவே சொல்லிவிட்டார். தனிப் பள்ளிக்கூடம் பற்றிப் பேசின அந்த அப்பா இன்னும் முகம் கொடுக்கவில்லை, மகனை மட்டும் அனுப்புகிறார்.

ஒன்பிட்ச் அண்ணா, போன வாரம் பாப்பாவைக் கல்லா மண்ணாவில் பிடித்தார்கள். அவுட் என்று நான்தான் சொன்னேன், சொல்லிவிட்டுக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவள் நம்பவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் கல்லில்தான் நின்றேன் என்று காலைத் தட்டிக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டாள், ஆட்டம் அஞ்சு நிமிடம் நின்றது. பார்த்தால் ஒரு கால் கல்லில்தான் இருந்திருக்கிறது. பிடித்தவனே ஒத்துக்கொண்டான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பையனுக்கும் பாப்பாவுக்கும் எங்களிடம் இருக்கிற கம்பு உயரமாகவும் கனமாகவும் இருக்கிறது. ஆசான் நெற்றி உயரத்துக்கு, கைக்கு அடங்குகிற தடிமனில் நாலு மூங்கில் கம்பு வாங்கி வரச் சொல்கிறார். திருநெல்வேலி பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கான கம்பு எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?